அறுபதுக்குப் பிறகு ஒரு மாத்திரை

"தூக்கமே இல்ல சார். சோறு எறங்க மாட்டேங்குது. கை காலெல்லாம் ஒரே அசதி. நெஞ்சுக்குள்ள படபடன்னு வருது." திண்டுக்கல் பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மனசைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கூட வந்த மகளோ மருமகளோ, "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்" என்று முடித்துவைப்பார். டாக்டருக்கும் அவசரம். சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, ஒரு ஊசி. பெரியவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நோயும் கூடவே திரும்பிவிடும்.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துணையை இழந்தவர் அழுவதும், பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போனபின் வீடு வெறிச்சென்று தெரிவதும் வாழ்க்கையில் உள்ளவை. ஆனால் இரண்டு வாரத்துக்கும் மேலாக, நாள் முழுக்க, எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, 'இனி இருந்து என்ன பண்ணப்போறேன்' என்ற நினைப்பு ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். எழுபது வயதிலும் அது நோய்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. திண்டுக்கல்லுக்கு அடுத்த பெரிய ஊரான மதுரையில், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. வெங்கோபா ராவ் 1980களின் தொடக்கத்திலேயே 60 வயது கடந்தவர்களின் மனநலத்தைக் கணக்கெடுத்தார். மனநோய் இருந்த முதியவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வு என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2009இல் வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது தாண்டிய 1,000 கிராமத்தவர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதில் 12.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. பசியோடு இருந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாக இருந்தது. மனம்விட்டுப் பேச ஆள் உள்ளவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2017–18இல் நாடு முழுக்க 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கும் அதிகமானோரிடம் நடந்த முதுமை ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கேள்விகள் கேட்டுப் பார்த்தபோது முதியோரில் சுமார் 8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தென்பட்டது. 'எனக்கு அந்த நோய் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்றவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டு மக்களில் 60 தாண்டியவர்கள் 2021இல் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

கண்டுபிடிப்பதில் உள்ள தடை இது. அதைத் தாண்டி வந்தவர்களை இன்னொரு நம்பிக்கை மறிக்கிறது: 'இந்த வயசுக்கு மேல மாத்திரை எங்க கேட்கப்போகுது?' வீட்டில் உள்ளவர்கள் மட்டுமல்ல, மருத்துவம் படித்தவர்களிலும் சிலர் இதை நம்புகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நிறையப் பேர் பாதி வழியிலேயே கைவிடப்படுகிறார்கள் என்பது என் வருத்தம்.

உண்மை எவ்வளவு? 2008இல் கிரெய்க் நெல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த 10 மருந்து ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 4,165 நோயாளிகள். அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம்; மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதம். நூறு பேருக்குக் கொடுத்தால் மருந்தின் பலத்தால் மட்டும் தேறுகிறவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர். நாற்பது வயதுக்காரர்களின் ஆய்வுகளில் இந்த இடைவெளி பொதுவாகச் சற்று அகலம். ஆக, வயது கூடினால் மருந்தின் பலம் குறைகிறது என்பது மெய். வேலையே செய்வதில்லை என்பது பொய்.

அதே தொகுப்பில் இன்னொரு தகவலும் உண்டு, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 6 முதல் 8 வாரத்தில் முடிந்த ஆய்வுகளில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே வித்தியாசம் சொற்பம். 10 முதல் 12 வாரம் வரை நீடித்தவற்றில் மருந்தின் கை தெளிவாக ஓங்கியிருந்தது. முதியவரின் மூளைக்குக் கூடுதல் அவகாசம் வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துகிறவர், மருந்து வேலையை ஆரம்பிக்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறார்.

ஏன் இந்தத் தாமதம்? விடை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது. மற்றது, மருந்து மூளையை என்ன செய்கிறது என்பது.

வயதாக ஆக உடம்பில் தண்ணீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைகிறவை. அங்கே போய்ப் பதுங்கி மெதுவாக வெளியே வரும். கல்லீரல் சுருங்குகிறது, அதற்குப் போகும் ரத்தமும் குறைகிறது. சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவு, நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 மில்லி லிட்டர் வீதம் குறைந்துகொண்டே போகிறது. நம் ஊர்க் கண்மாயில் வரத்து அதே அளவு இருக்க, மதகை மட்டும் பாதி இறக்கிவிட்டால் நீர்மட்டம் என்ன ஆகும்? அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மட்டம் கூடுகிறது. பரவலாக எழுதிக்கொடுக்கப்படும் எஸ்சிட்டலோபிராம், இளையவர் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் எடுக்கும். 65 தாண்டியவர்களில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதன் சகோதர மருந்தான சிட்டலோபிராம் அளவு கூடினால் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பதால், 60 வயதுக்கு மேல் நாளுக்கு 20 மில்லி கிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் வரம்பு கட்டியது.

இங்கே ஒரு பொறி உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் 'நார்மல்' என்று வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்குத் தசையே குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவாகத்தான் உற்பத்தியாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் ஏறாமல் நிற்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் நிலவரம் தெரியும்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு விஷயமும் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராம் போன்றவற்றைச் சிதைக்கும் முக்கிய நொதிக்கு சி.ஒய்.பி. 2சி19 என்று பெயர். புதுச்சேரி ஜிப்மரில் ஆதித்தன் குழுவினர் தமிழர்களிடம் அதற்கான மரபணுவை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். வேலை செய்யாத ஒரு வகை மரபணுவின் பங்கு சுமார் 38 சதவீதம் என்று தெரிந்தது. ஐரோப்பியர்களிடம் அது இதில் பாதியும் வராது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் செயல்படாத பிரதியே வந்து சேர்ந்தால் மருந்து மிக மெதுவாகத்தான் சிதையும். அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஏழு தமிழர்களில் ஒருவர் இப்படி இருக்கக்கூடும். வயதும் மரபும் ஒரே ஆளிடம் கூடிவிட்டால், மேல்நாட்டுப் புத்தகத்தில் 'சாதாரண அளவு' என்று போட்டிருப்பது இங்கே அதிக அளவாகிவிடும். அளவைப் பாதியில் தொடங்குவது நம் ஊரில் வெறும் பயந்த மனப்பான்மை அல்ல, அறிவியல்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் விஷயமும் திண்டுக்கல்லில் உண்டு. சுருட்டுக்குப் பெயர்போன மண் இது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சுருட்டு, பீடி, சிகரெட் எதுவானாலும், புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலின் வேறொரு நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி சிதைக்கும் மருந்துகளில் ஒன்று டுலோக்ஸ்டின். மனச்சோர்வுக்கும், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். புகைப்பவர் ரத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே நிற்கும். அவர் புகையை விட்டால் மட்டம் ஏறும். புகையிலை போடுகிறவருக்கு இது நடக்காது, ஏனென்றால் காரணம் புகை, நிக்கோட்டின் அல்ல. டாக்டர் 'புகையிலைப் பழக்கம் உண்டா?' என்று கேட்டால் வெறுமனே தலையாட்டாமல், மெல்லுகிறாரா புகைக்கிறாரா என்று சொல்ல வேண்டும்.

இனி ஒரு மஞ்சப்பையைத் திறந்து பார்க்கலாம். குறிப்பிட்ட ஒருவருடைய பை அல்ல. சின்னாளப்பட்டித் தறிவீட்டிலும், நிலக்கோட்டையில் பூ எடுக்கப் போகிறவர் வீட்டிலும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் களைத்தவர் வீட்டிலும் ஆணியில் தொங்கக்கூடிய பைதான். உள்ளே என்ன இருக்கும்? பிரஷர் மாத்திரை, அதோடு சேர்ந்து நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இதயத்துக்கு 75 மில்லி கிராம் ஆஸ்பிரின். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்த டைக்ளோஃபினாக். கால் எரிச்சலுக்கு ராத்திரி ஒன்று, அமிட்ரிப்டிலின். இப்போது மனச்சோர்வுக்கென்று எஸ்சிட்டலோபிராம் ஒன்று புதிதாக உள்ளே வருகிறது.

நீர் மாத்திரையையும் புதிய மாத்திரையையும் முதலில் பார்ப்போம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், புளூஆக்ஸ்டின் எல்லாம் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற குடும்பம். நரம்புகளுக்கிடையே செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூடுதல் நேரம் நிற்கவைப்பவை. அவை சிலருக்கு, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படியான ஹார்மோனைச் சுரக்கவைக்கும். தண்ணீர் தங்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நீர் மாத்திரையோ இன்னொரு வழியில் சோடியத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 125க்குக் கீழே போனால் என்ன தெரியும்? மந்தம், வாந்தி உணர்வு, தடுமாற்றம், பேச்சில் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது. வீட்டில் என்ன நினைப்பார்கள்? நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். சிலர் 'மறதி நோய் வந்துருச்சு' என்பார்கள். இன்னும் கீழே போனால் வலிப்பு வரும். இது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நடக்கிறது. மெலிந்த, வயதான பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து. மருந்து தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கிச் சில வாரத்தில் ஒரு முறை சோடியம் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். செலவு குறைந்த, சாதாரண ரத்தப் பரிசோதனை. எழுபது வயதுக்காரருக்கு இந்த மருந்தை எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் இந்தப் பரிசோதனையும் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செரட்டோனினை இரவல் வாங்கித்தான் வைத்திருக்கின்றன. அதை உள்ளே இழுக்கும் வாசலை எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்து அடைத்துவிடுகிறது. தட்டணுக்களின் ஒட்டும் திறன் குறைகிறது. வலி மாத்திரை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையைப் பற்றி மனநல டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. 'அது சும்மா வலிக்குத்தானே' என்று நினைப்பதுதான் காரணம்.

அமிட்ரிப்டிலின் இந்தப் பையின் மூத்த குடிமகன். 1950களின் இறுதியில் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் கண்டறிந்த இமிப்ரமின் வழிவந்த மருந்து. நல்ல மருந்துதான், உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. ஆனால் அது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளையும் தடுக்கும். அதனால் வாய் வறளும், மலம் கட்டும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கும், சில வகைக் கண்ணழுத்த நோய் உள்ளவருக்குப் பார்வை ஆபத்தாகும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். எல்லாவற்றையும்விட, நினைவு குழம்பும். மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991இல், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைத் தொடங்கினார். இன்று வரை புதுப்பிக்கப்பட்டுவரும் அந்தப் பட்டியலில் அமிட்ரிப்டிலினும் பரோக்ஸ்டினும் இருக்கின்றன. பத்து மில்லி கிராமில் வருகிற பாதகம் குறைவு. அது கூடிக்கொண்டே போகும்போதும், வேறு உறக்க மருந்துகள் சேரும்போதும்தான் பாட்டி ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும் முதியவர்கள் விழும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதால், படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் வெளிச்சம் இருக்கிறதா என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

மெட்ஃபார்மினுக்கு ஒரு வார்த்தை. பல ஆண்டுகள் சாப்பிட்டால் அது வைட்டமின் பி12 அளவைக் குறைக்கும். பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ஆள் மனச்சோர்வு வந்தவர் போலவே இருப்பார். அவற்றைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு 'வயசானதால கேக்கல' என்று சொல்வது நியாயமில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே நரம்புகளுக்கிடையே செரட்டோனின் கூடிவிடுகிறது. மனசு தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் மூளை தன் இணைப்புகளைத் திருத்திக்கொள்கிறது என்பது இன்றைய பரவலான கருத்து. 2003இல் லூகா சாந்தரெல்லியும் ரெனே ஹென்னும் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்கள். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைக் கதிர்வீச்சால் தடுத்துவிட்டால், அவர்கள் பயன்படுத்திய சோதனைகளில் மனச்சோர்வு மருந்து பலன் தரவில்லை. 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், இளம் எலிகளில் புளூஆக்ஸ்டின் புதிய நரம்பணுக்களைப் பெருக்கியது. முதிய எலிகளிலோ அது நடக்கவில்லை. இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. வளர்ந்த மனித மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பதிலேயே 2018இல் சில வார இடைவெளியில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராக நின்றன. ஆனால் முதிய மூளை தன்னைத் திருத்தி எழுதிக்கொள்வது மெதுவாகத்தான் நடக்கும் என்ற திசையைப் பல சான்றுகள் காட்டுகின்றன.

ரத்தக்குழாய் விஷயத்தில் இதைவிடத் தெளிவு இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்சோபுலோசும் சகாக்களும், முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வில் ஒரு வகை, மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடுவதால் வருகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிரஷரும் சர்க்கரையும் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இல்லாமல் போனால், மூளையின் முன்பகுதியை உள்பகுதிகளோடு இணைக்கும் நரம்பு வழித்தடங்கள் அங்கங்கே பழுதாகும். எம்.ஆர்.ஐ. படத்தில் அவை வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அப்படிப்பட்டவர் பெரிதாக அழ மாட்டார். எந்த வேலையையும் தொடங்க மாட்டார், திட்டமிட முடியாது, பேச்சு குறையும், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். 'சோம்பேறி ஆயிட்டாரு' என்று வீட்டில் பேச்சு வாங்குவார். இவர்களிடம்தான் மாத்திரை குறைவாகவும் தாமதமாகவும் வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் கண்டன. ஆக, மருந்தின் பலத்தைக் குறைப்பது பிறந்த தேதி மட்டுமல்ல, அந்த ஆண்டுகளில் ரத்தக்குழாய்கள் பட்ட பாடும் சேர்ந்தது. நாற்பதில் பிரஷரைக் கட்டுக்குள் வைத்தவருக்கு எழுபதில் மனச்சோர்வு மாத்திரை கேட்கும் வாய்ப்பும் கூடலாம் என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது.

முதல் மருந்து கேட்காவிட்டால்? 2023இல் வெளியான ஆப்டிமம் என்ற ஆய்வு இந்தக் கேள்விக்காகவே நடந்தது. ஏற்கெனவே குறைந்தது இரண்டு மருந்துகள் பலன் தராத, 60 தாண்டிய 742 பேர். முதல் கட்டத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 29 சதவீதம் பேருக்கும், புப்ரோபியான் சேர்த்தவர்களில் 28 சதவீதம் பேருக்கும் நோய் முழுமையாக அடங்கியது. பழையதை நிறுத்தி புப்ரோபியானுக்கு மாறியவர்களில் 19 சதவீதம். பலன் கிட்டத்தட்ட சமமாக இருந்தும், புப்ரோபியான் சேர்த்தவர்கள்தான் அதிக முறை கீழே விழுந்தார்கள். முதியவருக்கு மருந்து தேர்வதில் பலனைப் போலவே பக்கவிளைவும் எடைபோடப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வயது எல்லா மருத்துவத்தையும் பலவீனமாக்குவதில்லை. நம் ஊரில் 'கரண்ட் ஷாக்' என்று சொல்லிப் பயந்து ஒதுங்கும் மின் அதிர்வு மருத்துவம் இளையவர்களைவிட முதியவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடுமையான மனச்சோர்வு இருந்த, 60 தாண்டிய 240 பேருக்கு, வென்லாஃபாக்சின் மாத்திரையோடு அது கொடுக்கப்பட்டது. சுமார் 62 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. சாப்பாட்டையே மறுத்துப் படுத்துவிட்டவர்களுக்கும், மாத்திரைக்குப் பல வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கும் இது உயிர் காக்கும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. தற்காலிக மறதி வரலாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சினிமாவில் காட்டுவது போன்ற சித்திரவதை அல்ல என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

மாத்திரை தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று கேள்விப்பட்டு, தாத்தாவின் மாத்திரையை ஒளித்துவைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை சிறுவர்களையும் 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் பற்றியது. 372 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1 லட்சம் பேரின் விவரங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அலசி 2009இல் வெளியிட்டபோது, 25க்குக் கீழ் அபாயம் கூடியது. 65க்கு மேல் மருந்து அந்த எண்ணத்தைப் பெரிதும் குறைத்தது. மருந்து ஒன்றே, வயது மாறியதும் விளைவின் திசையே மாறிவிட்டது. கணியம்பாடியில் 55 தாண்டியவர்களின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 189 என்று வேலூர் மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், மருந்தை ஒளித்துவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்று புரியும்.

தேறிய பிறகு எவ்வளவு காலம் சாப்பிடுவது? 2006இல் சார்ல்ஸ் ரெனால்ட்ஸ் குழுவினர் 70 வயதும் அதற்கு மேலும் உள்ள, மருந்தால் தேறிய 116 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்களுக்கே நோய் திரும்பியது. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேல். 'சரியாயிருச்சு, எதுக்கு மாத்திரை' என்ற கேள்விக்கான விடை இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. நிறுத்துவதென்றாலும் திடீரென்று நிறுத்தக்கூடாது. தலைச்சுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வந்து, நோய் திரும்பியதோ என்று மிரளவைக்கும்.

வெற்று மாத்திரை சாப்பிட்ட முதியவர்களில்கூட 35 சதவீதம் பேர் தேறினார்கள் என்று மேலே சொன்னேன். அவர்களுக்கு என்ன கிடைத்தது? வாரந்தோறும் ஒருவர் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். சிலருக்கு நோய் தானாகவும் தணிந்திருக்கும். ஆனாலும் கேட்கப்படுவதற்கு இருக்கும் பலத்தை அலட்சியப்படுத்த முடியாது. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல், அதே சார்ல்ஸ் ரெனால்ட்ஸ் எல்லாம் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. இலேசான அறிகுறிகள் மட்டும் இருந்த, 60 தாண்டிய 181 பேர். டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் அவர்களிடம் போய்ப் பேசினார்கள். பிரச்சினைகளைத் தீர்க்கும் வழி, தூக்க ஒழுங்கு, சர்க்கரை மாதிரியான நோய்களைப் பார்த்துக்கொள்வது, அரசு உதவிகளைப் பெறுவது எல்லாம் அதில் அடங்கும். ஓராண்டில் முழு மனச்சோர்வு நோய்க்குள் விழுந்தவர்கள் அவர்களில் 4.4 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 14.4 சதவீதம்.

இதைத் திண்டுக்கல்லில் செய்ய ஆள் இல்லையா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. அதோடு தூக்கம், பசி, விருப்பம் பற்றிய சில கேள்விகளையும், மஞ்சப்பையை வாங்கிப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொடுத்தால் போதும். சந்தேகமான ஆட்களை அனுப்பிவைக்க மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022இல் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் ஊரிலேயே இருக்கிறது. வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ பஸ் பிடித்து வர முடியாதவர்கள் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 104க்கும் அழைக்கலாம். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும், வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் உட்பட, அப்படியே எடுத்துப் போக வேண்டும். சோடியம் பார்த்தாகிவிட்டதா, எத்தனை வாரம் பொறுத்துப் பார்க்கலாம், அடுத்து எப்போது வரட்டும் என்ற மூன்றையும் கேட்காமல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது.